சட்டம் படித்த கைகள்

பரீட்சை முடிவு வந்த அன்று அப்பா டிரைவர் உடுப்பைக்கூட மாற்றாமல் பணிமனையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தார். வருகிற வழியில் தெரிந்தவர், தெரியாதவர், பேருந்துக்கு நின்றவர் என்று ஒருவர் விடாமல் "என் பொண்ணு வக்கீலாயிட்டா" என்று தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் படியேறினார். வாசலிலேயே மகள் அவரை மடக்கினாள்.

"அப்பா, நான் வக்கீல் இல்லப்பா."

"இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு."

"நாளைக்கும் இல்ல. நான் முடிச்சது சட்டவியல் பட்டம். கறுப்பு அங்கி போடணும்னா அதுக்கு மேல வேற படிப்பு, வேற பரீட்சை எல்லாம் இருக்கு."

அப்பா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சட்டம் படிச்சவ வக்கீல் இல்லைன்னா, பஸ் ஓட்டக் கத்துக்கிட்டவன் டிரைவர் இல்லைங்கிற மாதிரில்ல இருக்கு?"

அவளுக்கு வீட்டில் பெயர் லா பாயிண்ட். பேசத் தொடங்கிய வயதிலேயே எதிர்ப்பேச்சும் தொடங்கிவிட்டதால் சித்தப்பா வைத்த பெயர். நாளடைவில் 'லா' தேய்ந்து 'பாயிண்ட்' மட்டும் நின்றது. எதற்கும் பதில் வைத்திருக்கிற பாயிண்டிடம் அப்பாவின் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. சட்டம் படித்தாயிற்று, பிடித்துத்தான் படித்தாள். அதை வைத்துக்கொண்டு என்னவாக வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை.

உறவுக்காரர்களுக்கோ அதில் சந்தேகமே கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது ஆளுக்கொரு உத்தியோக நாற்காலியை அவளுக்காகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிதான் நிம்மதி என்றார் சித்தப்பா. வங்கியில் சட்டப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம், ஏசி அறையாம் என்றாள் அத்தை. போலீசில் சேர்ந்தால் ஜீப் கொடுப்பார்கள் என்றார் மாமா. "ஆளாளுக்கு அவளைப் பிச்சுப் பங்கு போடாதீங்க. முதல்ல சாப்பிடட்டும்" என்று அம்மா அதட்டிய பிறகுதான் பேச்சு அடங்கியது.

மேசையின் ஓரத்தில் அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலை. யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பாயிண்ட் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடக்கப் பழகியபோதே பழகிய பழக்கம் அது. மாமாவின் ஜீப்பைச் சொன்னபோது அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்து மரத்தில் மோதிக் காட்டினான். மாமாவுக்குச் சைகை தெரியாது. இருந்தாலும் முகம் சுருங்கியது.

முதலில் சித்தப்பா சொன்ன வழியில் போய்ப் பார்த்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலை. 'மற்றும்' வர வேண்டிய இடத்தில் 'அல்லது' வந்துவிட்டதா என்று நாளெல்லாம் தேட வேண்டும். வேலை கௌரவமானதுதான், ஆனால் கொட்டாவி விட்டு விட்டுத் தாடை வலித்தது. அதன் பிறகு ஒரு வக்கீல் அலுவலகம். அங்கே கட்சிக்காரரின் குறையைக் கேட்டுக்கொண்டே எதிர்க்கட்சிக்காரர் பக்கத்து நியாயத்தையும் அவளே எடுத்துச் சொல்லிவிடுவாள். "நீ யாருக்கும்மா வேலை பாக்கிற?" என்று வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். இருவரும் மனக்கசப்பில்லாமல் பிரிந்தார்கள்.

கடைசியில் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வழிகாட்டும் மேசையில் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களும் நீக்கியவர்களும் வருகிற கட்டடம் அது. எந்த வழக்கு எந்த அறையில், எந்த மனுவை எந்த சன்னலில் கொடுப்பது, கழிவறை எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்விதான் அதிகம் வரும்.

அப்படி ஒரு காலை நேரத்தில்தான் பாட்டில் கம்பெனி அக்கா வந்தாள்.

நாற்பது வயதிருக்கும். தோள் அகலமான, வெடுக்வெடுக்கென்று நடக்கிற பெண். மேசைக்கு முன்னால் நின்று விரலால் காதைத் தொட்டாள், இல்லை என்று கையை ஆட்டினாள், பிறகு மாடிப்பக்கம் காட்டினாள். பக்கத்தில் நின்றிருந்த தொழிற்சங்க வக்கீல் அவசரமாகக் குறுக்கிட்டார். "இவங்களுக்குக் காது கேக்காதும்மா. சைகை மொழிபெயர்ப்பாளர் வரணும். காய்ச்சல், வர முடியலைன்னு இப்பத்தான் தகவல் அனுப்பியிருக்கார். போன தடவையும் ஆள் இல்லாமத்தான் தள்ளிப்போச்சு. இதை எப்படி இவங்களுக்குச் சொல்றதுன்னே தெரியல."

பாயிண்ட் யோசிக்கவேயில்லை. கைகள் தாமாக எழுந்தன. 'மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லையாம் அக்கா. இன்று வரமாட்டார்.'

அக்காவுக்கு மடை திறந்துவிட்டது. அந்தக் கைகள் பேசிய வேகத்தில் மேசையிலிருந்த காகிதங்கள் பறந்தன. இது என்ன அநியாயம், தள்ளிவைத்தே என்னைக் கிழவியாக்கிவிடுவார்களா, முதன்முதலில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தாரே, அவர் பேசினாரா கொசு பிடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆமாம், நீ யார், உனக்கு எப்படி இந்தப் பேச்சு வருகிறது? பாயிண்டுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. 'என் அண்ணனுக்குக் காது கேட்காது அக்கா' என்றாள்.

சங்கத்து வக்கீல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ மேல வர்றியாம்மா?"

நீதிமன்ற அறையில் அவள் நுழைந்தபோது பதிவாளர் அடுத்த தேதியைத் தேடிக்கொண்டிருந்தார். மேடையில் இருந்த நீதிபதி நரைமுடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. சோடா பாட்டிலின் அடி மாதிரி தடித்த மூக்குக் கண்ணாடி. சங்கத்து வக்கீல் விஷயத்தைச் சொன்னதும் கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"ஆட்சேபம் மேடம். இவங்க இங்க வழி சொல்ற பொண்ணு. மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ் கிடையாது."

நீதிபதி பாயிண்டைப் பார்த்தார். "சாட்சியை முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது மேடம். இப்பத்தான் கீழ பாத்தேன்."

"சாட்சி சொல்றதுக்கும் சாட்சிக்காகப் பேசறதுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"தெரியும் மேடம். சட்டவியல் படிச்சிருக்கேன். அவங்க சொன்னதைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அழகுபடுத்தவும் கூடாது. அவங்க 'நான்'னு சொன்னா நானும் 'நான்'னுதான் சொல்லணும்."

நீதிபதியின் புருவம் லேசாக உயர்ந்தது. சாட்சிக்கு இவள் சம்மதமா என்று கேட்கச் சொன்னார். அக்கா இரு கைகளாலும் பதில் சொன்னாள். அதைப் பாயிண்ட் முகம் சிவக்கச் சிவக்க உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "சம்மதம். இந்தப் பெண் பேசுவது புரிகிறது. இவளை விட்டால் நான் பல்லில்லாக் கிழவியாகித்தான் இங்கே வருவேன்."

அறையில் சிரிப்பு எழுந்தது. விசாரணை முழுவதையும் கேமராவில் பதிவு செய்ய வேண்டும், யாருக்காவது மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் அங்கேயே நிறுத்தலாம் என்ற நிபந்தனையோடு நீதிபதி அனுமதித்தார். கம்பெனி வக்கீலும் அதற்கு மேல் அடம்பிடிக்கவில்லை. பாயிண்ட் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டாள், சாட்சியின் பிரமாணத்தையும் அக்காவுக்குச் சைகையில் காட்டினாள்.

வழக்கு இதுதான். பாட்டில் கம்பெனியில் உலைக்குப் பக்கத்துப் பகுதியில் அக்காவுக்கு வேலை. அபாயச் சங்கு ஊதினால் எல்லாரும் வெளியே ஓட வேண்டும். ஒரு நாள் சங்கு ஊதியது, அக்கா அசையவில்லை. அவளை இழுத்து வரப் போன ஒருவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். பாதுகாப்பு விதியை மீறினாள் என்று கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அக்கா சொல்வதோ வேறு. காது கேளாதவளுக்குச் சங்கு எதற்கு? அவள் இயந்திரத்துக்கு மேலே சங்கோடு சேர்ந்து எரிய வேண்டிய சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அது வெகு நாளாக எரியவில்லை.

கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். ஆள் கெட்டிக்காரர். பேனாவைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்: "விளக்கு எரியவில்லை என்று நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்பதை நீங்கள் மறுக்கவில்லை, இல்லையா?"

பாயிண்டின் கைகள் பாதி எழுந்து அந்தரத்தில் நின்றன. எரியவில்லை, சொல்லவில்லை, மறுக்கவில்லை, இல்லையா. ஆமாம் என்றால் சொன்னதாகுமா, சொல்லாததாகுமா? அக்கா அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்" என்றாள் பாயிண்ட். "இந்தக் கேள்வியை இப்படியே சைகையில கேக்க முடியாது. இதுல எத்தனை 'இல்லை' இருக்குன்னு எனக்கே பிடிபடல. அவங்க தலையாட்டினா அது எதுக்குன்னு நாம யாரும் சொல்ல முடியாது."

"கேள்வி தெளிவாத்தான் இருக்கு" என்றார் கம்பெனி வக்கீல்.

நீதிபதி கேள்வியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். தட்டச்சர் படித்தார். நீதிபதி விரல்விட்டு எண்ணினார், மறுபடி எண்ணினார், கண்ணாடியைக் கழற்றினார். "வக்கீல் சார், நான் இத்தனை வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். எனக்கே தலை சுத்துது. நேரா கேளுங்க."

பின்வரிசையில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். வக்கீல் பேனாவை மேசையில் வைத்தார். "சரி. விளக்கு எரியலைன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

கேள்வி கைக்கு மாறியதும் அக்காவின் பதில் படபடவென்று வந்தது. பாயிண்ட் அதைப் பிடித்துக் குரலாக்கினாள். "ஆமாம். மேற்பார்வையாளரிடம் சொன்னேன்."

"சொன்னீங்க, அவ்வளவுதானே? போற போக்குல, பேச்சோட பேச்சா. முறையா புகார் எதுவும் பண்ணலையே?"

அந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் பாயிண்டுக்குப் பகீரென்றது. சற்று முன் பதில் சொன்னபோது அக்காவின் கை, 'சொன்னேன்' என்பதற்கு வருவது போல முகவாயிலிருந்து முன்னால் வரவில்லை. முஷ்டியாக மடங்கி நெஞ்சில் இரண்டு முறை தட்டியது. அது 'சொன்னேன்' இல்லை. அவசரத்தில் அருகில் கிடந்த சொல்லை அள்ளிப் போட்டுவிட்டாள். வேறு எவருக்கும் இது தெரியப் போவதில்லை. ஆனால் பேச்சுவாக்கில் சொல்வதற்கும் குறையென்று போய் முறையிடுவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று வகுப்பில் மண்டை காயப் படித்தவள் அவள். முறையிட்டிருந்தால் பழுதைச் சரிசெய்யாத பொறுப்பு கம்பெனியின் தலையில்; இல்லையென்றால் அக்காவின் தலையில். வழக்கே அந்த ஒரு முஷ்டியில் நின்றது.

அவள் கையை உயர்த்தினாள். "மன்னிக்கணும் மேடம். மொழிபெயர்ப்புல ஒரு தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னுது. சாட்சி காட்டின சைகை 'சொன்னேன்' இல்ல, 'முறையிட்டேன்'. நீங்க அனுமதிச்சா அவங்க செஞ்சதை முழுசா சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிறேன்."

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். "இதைத்தான் மேடம் நான் முதல்லயே சொன்னேன்! பதிலையே மாத்தறாங்க!"

"கேமரா ஓடிட்டுத்தான் இருக்கு" என்றார் நீதிபதி. "சான்றிதழ் வெச்சிருக்கிற யாரைக் கூப்பிட்டு வேணும்னாலும் காட்டிச் சரிபாருங்க. தப்பை மறைக்கிறவங்ககிட்டதான் எனக்குப் பயம். கேளும்மா."

'அக்கா, நீங்கள் செய்ததை முதலிலிருந்து சொல்லுங்கள்.' அவ்வளவுதான் கேட்டாள். ஒரு விரல் கூடுதலாக அசையவில்லை.

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்த அறையே பாட்டில் கம்பெனியாகிவிட்டது. மேற்பார்வையாளரின் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினாள். அவர் நிமிரவில்லை, மறுபடி தட்டினாள். சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். இயந்திரத்துக்கு மேலே கையை நீட்டி, செத்த விளக்கைக் காட்டினாள். சங்கு ஊதுகிறது, எல்லாரும் ஓடுகிறார்கள், நான் மட்டும் நிற்கிறேன், வெந்து போவேன் என்று நடித்துக் காட்டினாள். பாயிண்டின் குரல் அவளுக்கு நிழல் மாதிரி பின்னாலேயே ஓடியது. "நான் தட்டினேன். நான் இழுத்துக்கொண்டு போனேன். இதைச் சரிசெய்யாவிட்டால் நான் இங்கேயே எரிந்து சாவேன் என்றேன்." தன் வாயிலிருந்து வருவது தன் குரல்தானா என்றே அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு மொழிகளுக்கு நடுவே ஒரு கம்பியில் நடப்பது போலிருந்தது. விழவும் இல்லை, நிற்கவும் இல்லை. இப்படி ஒரு வேகத்தை அவள் வாழ்நாளில் அறிந்ததில்லை.

கடைசியாக அக்கா, அதற்கு மேற்பார்வையாளர் என்ன சொன்னார் என்பதைக் காட்டினாள். கட்டைவிரலை உயர்த்தினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கம்பெனித் தரப்பு சாட்சியாக வந்திருந்த மேற்பார்வையாளரை அடுத்ததாகக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதியே கேட்டார். "உங்களை இழுத்துட்டுப் போனாங்களா?"

அவர் வக்கீலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போனாங்க மேடம்" என்றார் அவர். "சட்டைப் பித்தான்கூட அறுந்துபோச்சு. மின்சாரப் பிரிவுக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன்... மறந்துட்டேன்."

தீர்ப்பு அன்றே வரவில்லை. தீர்ப்புகள் அப்படி வருவதும் இல்லை. ஆனால் வராந்தாவுக்கு வந்ததும் அக்கா பாயிண்டின் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டினாள். அவள் போன பிறகு பதிவாளர் மேசையருகே வந்து தொண்டையைச் செருமினார். "மேடம் கேக்கச் சொன்னாங்க. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பரீட்சை எழுத உனக்கு விருப்பமான்னு. சைகை தெரிஞ்சவங்க உண்டு, சட்டம் தெரிஞ்சவங்க உண்டு. ரெண்டும் தெரிஞ்ச ஆளுக்கு நாங்க தவமா தவம் கிடக்கோம்."

அன்று மாலை அவள் பேருந்துக்குக் காத்திருக்கவில்லை. வீடுவரை ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

சாப்பாட்டு மேசையில் அவள் நடந்ததையெல்லாம் வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் சொன்னாள். அப்பா வாயைப் பிளந்து கேட்டார். அம்மா, "இது நிரந்தர வேலைதானே?" என்று இடையில் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அண்ணன் முகம் மட்டும் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் அவன் மேசையை ஓங்கித் தட்டினான்.

'வேண்டாம்' என்றன அவன் கைகள். 'ஆஸ்பத்திரியில் எனக்காக நீ பேசினாய். வங்கியில் நீ பேசினாய். எனக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நீதான் பேசினாய். விளையாடப் போக வேண்டிய வயதில் என் பின்னாலேயே சுற்றினாய். இப்போது வேலையும் அதுவேதானா? உனக்கென்று ஒன்றைத் தேடிக்கொள்.'

அவன் மனதில் இப்படி ஒரு கல் கிடக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

'அண்ணா' என்றாள், மெதுவாக. 'இது உனக்காக இல்லை. அந்த அக்காவுக்காகவும் இல்லை. அந்த அறையில் நின்றபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஒப்பந்தம் படித்தபோது தூக்கம் வந்தது. வக்கீல் அலுவலகத்தில் ஒரு பக்கம் மட்டும் பேச முடியாமல் மூச்சு முட்டியது. இன்றைக்குத்தான் நான் படித்தது அத்தனையும், உன்னிடம் பேசிப் பழகியது அத்தனையும், ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு வேலை செய்தது. இது எனக்காக. எனக்கே எனக்காக.'

அண்ணன் தாடையைச் சொறிந்தான். 'சத்தியப் பிரமாணத்தை எப்படிக் காட்டினாய்?'

அவள் காட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"ஏன் இப்படிச் சிரிக்கிறான்?" என்றார் அப்பா.

"நான் காட்டினது தடுப்பூசி போட்டுக்கறதாம்பா" என்றாள் பாயிண்ட். அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதன்பிறகு வந்த மாதங்களில் வீடு வீடாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் தன் காது கேளாதோர் சங்கத்து நண்பர்களைக் கூட்டிவந்துவிடுவான். 'ஜாமீன்' என்பதற்கு எது சரியான சைகை என்று எட்டுப் பத்துக் கைகள் ஒரே நேரத்தில் சண்டை போடும். ஒருவர் கூண்டைத் திறந்து காட்டுவார். திறந்தால் போதுமா, திரும்பி வருவேன் என்ற வாக்கு எங்கே என்று பாயிண்ட் மடக்குவாள். 'மேல்முறையீடு' என்பதற்கு ஒரு நாள் முழுக்கப் போனது. சத்தமே இல்லாத அந்த அமளியைப் பார்த்து அம்மா, "கோர்ட்டுலகூட இவ்வளவு வாதம் நடக்காது" என்று தேநீர் கொண்டுவந்து வைப்பாள்.

நடுவில் ஒரு நாள் தீர்ப்பு வந்தது. அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும், அவள் இருக்கும் பகுதியில் விளக்குகளை மாற்ற வேண்டும். மறுவாரம் அக்கா வழிகாட்டும் மேசைக்கே வந்து, புது விளக்கு எப்படி எரிகிறது என்று பத்து விரலையும் விரித்துக் கண்ணைக் கூசவைத்துக் காட்டிவிட்டுப் போனாள். வரிசையில் நின்றவர்கள் மிரண்டே போனார்கள்.

பாயிண்ட் பரீட்சையில் தேறினாள். கம்பெனி வக்கீல் வராந்தாவில் பார்த்து, "இனிமே உங்க முன்னாடி கேள்வி கேக்கறதுக்கு முன்னால வீட்டுல ஒத்திகை பாத்துட்டு வரணும் போல" என்று கை குலுக்கினார். பணிமனையில் அப்பாவைச் சுற்றி உட்கார்ந்த கண்டக்டர்கள், "அண்ணே, உங்க பொண்ணு எந்தக் கட்சிக்கு வாதாடுது?" என்று கேட்டார்களாம். "அது ரெண்டு கட்சிக்கும் வாய் கொடுக்குதுடா. அந்த வேலை உங்க யாருக்காச்சும் வருமா?" என்றாராம் அவர்.

நியமனம் வந்த முதல் நாள் அவளைப் பெரிய நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். உயரமான கூரை, நீளமான வராந்தா, காலடி ஓசை எதிரொலிக்கிற கல்தரை. கழுத்தில் புது அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது. அறைக் கதவருகே ஒரு இளைஞன் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தான். எதிரே அவன் தாய். யாரைப் பார்ப்பது, யார் உதடு அசைகிறது என்று அவன் கண்கள் ஓயாமல் அலைந்தன.

பாயிண்ட் அவனுக்கு நேரே போய் நின்று கைகளை உயர்த்தினாள். 'வணக்கம். உள்ளே அவர்கள் பேசுவது அத்தனையும் உனக்கு வரும். நீ பேசுவது அத்தனையும் அவர்களுக்குப் போகும். நடுவில் நான் நிற்பேன்.'

அவன் கால் ஆடுவது நின்றது. உள்ளேயிருந்து வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். பாயிண்ட் சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடுகிற வேகத்தில், அவனோடு உள்ளே போனாள்.